முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை

வெளிநாட்டு வேலைக்குக் காத்திருப்பவர் வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்பது மூன்றே கேள்விகள். விசா வந்துவிட்டதா? ஸ்டாம்பிங் ஆயிற்றா? ஃப்ளைட் எப்போது? கம்பெனி சரியில்லை என்றால் அதே நாட்டில் வேறு கம்பெனிக்கு மாற முடியுமா என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஏஜென்டும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய காலம் முதல் இன்றுவரை, போனவர்களின் கதியைத் தீர்மானித்தது பெரும்பாலும் அந்தக் கேள்விதான். அதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: போகிற செலவு யாருடையது?

இரண்டையும் ஆராய வடசென்னையின் கல்மண்டபம் பொருத்தமான இடம். கடற்கரைப் பக்கம் போனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே தண்டையார்பேட்டையைத் தாண்டினால் திருவொற்றியூர், எண்ணூர், மணலி. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது. 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் வளர்ந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. இந்த ஆலைகள் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு ஃபிட்டர், டர்னர், வெல்டர், ரிக்கர் என்று கைத்தொழில் கற்றவர்களை உருவாக்கின. நிரந்தர வேலை சுருங்கி காண்ட்ராக்ட் பெருகிய பிறகு, பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நடக்கும் சில வாரங்களுக்கு வேலை, மற்ற நாட்களில் அலைச்சல் என்று ஆனது. ஆர்கான் வெல்டிங்கில் கை தேர்ந்தவர், 6ஜி என்ற கடினமான குழாய் வெல்டிங் டெஸ்டில் தேறக்கூடியவர், ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ப் பழகிக்கொள்கிறார். அடுத்து சவூதியின் ஜுபைல், அமீரகத்தின் ருவைஸ், கத்தாரின் ராஸ் லஃபான், சிங்கப்பூரின் ஜூராங் தீவு.

இதே தெருக்களிலிருந்து வணிகக் கப்பலுக்குப் போகும் கப்பல்காரரும் உண்டு. தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடா நாட்டு விசைப்படகுகளுக்குப் போகும் மீனவர் உண்டு. ஐ.டி. கம்பெனி வழியாக அமெரிக்காவுக்கோ லண்டனுக்கோ போகும் பிள்ளைகளும் இப்போது உண்டு. நால்வருமே ஒரு முதலாளி கொடுத்த தாளை நம்பி நாடு விட்டுப் போகிறவர்கள். ஆனால் நால்வரையும் சட்டம் நான்கு விதமாக நடத்துகிறது.

முதலாளி எடுத்துத் தரும் விசாவின் அமைப்பு எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஆள் எனக்குத் தேவை என்று அங்குள்ள நிறுவனம் தன் அரசிடம் மனு போடுகிறது. அரசு அனுமதி கொடுக்கிறது. அந்த அனுமதியின் பேரில்தான் தொழிலாளி அங்கே தங்குகிறார். வேலையும் தங்கும் உரிமையும் ஒரே முடிச்சில் இருப்பதால், வேலை போனால் தங்கும் உரிமையும் போகிறது. சம்பளம் வரவில்லை என்று கேட்க நினைப்பவருக்கு ‘கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்ற பயம் முதலில் வருகிறது. அந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்பது நாட்டுக்கு நாடு மாறும். மாற்றுவது, வேறு முதலாளியிடம் போக அந்த நாட்டுச் சட்டம் திறந்துவைத்திருக்கும் வழி.

1860 அக்டோபரில் சென்னைக் கரையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் புறப்பட்டது. அப்போது இங்கே துறைமுகம் கட்டப்பட்டிருக்கவில்லை. நவம்பர் 16ஆம் தேதி அது டர்பனில் 342 பேரை இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் இந்தியர்கள் அவர்கள். மாதம் பத்து ஷில்லிங் கூலி, குறித்த ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் வேலை என்பது ஏற்பாடு. முதலாளியை விட்டு அனுமதி இல்லாமல் விலகுவது குற்றம். சிறைக்குப் போக வேண்டிவரும். சாதாரண வேலைக்காரர் ஒப்பந்தத்தை மீறினால் சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி மீறினால் கிரிமினல் வழக்கு. இந்த வேறுபாட்டைக் காந்தி நேரில் கண்டது 1894இல். பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி முதலாளியிடம் அடி வாங்கி, முன்பற்கள் உடைந்து, ரத்தத்தோடு அவருடைய அலுவலகத்துக்கு வந்து நின்றார். காந்தி அவரை மருத்துவரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் அழைத்துப் போனார். அடித்த முதலாளியைச் சிறைக்கு அனுப்புவது காந்தியின் நோக்கமாக இல்லை. பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரச் செய்வதே நோக்கம். ஒப்பந்தக் கூலியை இந்தியர்கள் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், ஒரு நல்ல வெள்ளைக்கார முதலாளியைத் தேடிப் பிடித்து அந்த மாற்றத்தைச் செய்து முடித்தார். செய்தி நேட்டால் எங்கும் பரவி, ஒப்பந்தக் கூலிகள் அவருடைய அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். அடிபட்ட மனிதருக்கு அன்று உண்மையில் தேவைப்பட்டது எது என்று காந்தி கண்டுகொண்டதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். தண்டனையை விட முக்கியமானது வெளியேறும் வாசல்.

வளைகுடாவின் கஃபாலா என்ற ஸ்பான்சர் முறையை அந்தக் கூலி ஒப்பந்தத்தோடு அப்படியே ஒன்றாக்கிப் பேசுவது சரியில்லை. வளைகுடாவில் சம்பளம் உயர்வு. போகிறவர் தெரிந்தே போகிறார். பலர் திரும்பத் திரும்பப் போகிறார்கள். வீடு கட்டியிருக்கிறார்கள், தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த முடிச்சு மட்டும் அப்படியே தொடர்ந்தது. சவூதியில் இகாமா என்ற தங்கும் அனுமதியை எடுப்பதும் புதுப்பிப்பதும் கஃபீலின், அதாவது ஸ்பான்சர் முதலாளியின், வேலை. ஊருக்கு வந்துபோக எக்ஸிட் ரீ-என்ட்ரி, ஒரேயடியாகத் திரும்ப ஃபைனல் எக்ஸிட், இரண்டுக்கும் கஃபீலின் சம்மதம் வேண்டும் என்ற நிலை பல பத்தாண்டுகள் இருந்தது. தொழிலாளி ஓடிவிட்டார் என்று கஃபீல் ‘ஹுரூப்’ பதிந்தால், அவர் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவார்.

இதன் விளைவு முழுசாகத் தெரிந்தது 2016இல். எண்ணெய் விலை வீழ்ந்து, சவூதி ஓஜர் என்ற மாபெரும் கட்டுமான நிறுவனம் தள்ளாடியது. மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. முகாம்களில் சாப்பாடு நின்றது. கம்பெனி கட்டணம் கட்டாததால் இகாமாக்கள் காலாவதியாயின. இகாமா இல்லாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. கம்பெனி அசையாமல் ஊருக்கும் திரும்ப முடியாது. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் இப்படி மாட்டிக்கொண்டார்கள். ஜித்தாவில் இந்தியத் துணைத் தூதரகம் உணவு கொடுத்தது. வெளியுறவு இணை அமைச்சர் வி.கே.சிங் நேரில் போய்ப் பேசித்தான் வழி பிறந்தது. அந்தத் தொழிலாளர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. அவர்களுடைய வாழ்வு முழுவதும் ஒரே நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தோடு கட்டப்பட்டிருந்தது. அந்த நிறுவனம் சரிந்தது.

அதன் பிறகு சில கதவுகள் திறந்தன. கத்தாரில் எக்ஸிட் பெர்மிட் 2018 முதல் படிப்படியாக நீங்கியது. 2020இல் வேறு வேலைக்கு மாற முதலாளியின் ஆட்சேபணையில்லாச் சான்று (என்.ஓ.சி.) தேவையில்லை என்ற சட்டம் வந்தது. 2021 மார்ச்சில் மாதம் ஆயிரம் ரியால் என்ற குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. உணவும் இடமும் தராத முதலாளி அதற்கு மேல் படியும் தர வேண்டும். அங்கே நடந்த கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால் தொழிற்சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் கொடுத்த நெருக்கடி இதற்குக் காரணம் என்பதை மறக்கக் கூடாது. சவூதியில் 2021 மார்ச் 14 முதல், ஓராண்டு வேலை பார்த்த தொழிலாளி வேறு கம்பெனிக்கு மாறலாம். எக்ஸிட்டுக்குத் தானே விண்ணப்பிக்கலாம். ஆனால் வீட்டு வேலையாட்கள், வீட்டு ஓட்டுநர்கள், ஆடு மேய்ப்பவர்கள் அந்தச் சீர்திருத்தத்துக்குள் வரவில்லை. தனிமையில், கண்ணுக்கு மறைவில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் வாசல் அதிகம் தேவை. அவர்களைத்தான் வெளியே நிறுத்தினார்கள். குவைத் எதிர்த் திசையில் நடந்தது. 2025 ஜூலை 1 முதல் அங்கே தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் நாட்டை விட்டு வெளியே போக முதலாளி ஒப்புதல் கொடுத்த அனுமதி வேண்டும். ஒரு நாட்டில் நீங்கியது இன்னொரு நாட்டில் திரும்பி வருகிறது என்பதால், ‘கஃபாலா ஒழிந்துவிட்டது’ என்று ஏஜென்ட் சொல்வதைப் பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த நாடு, எந்த வகை விசா என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. வொர்க் பெர்மிட்டில் எடுக்கும் இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 சிங்கப்பூர் டாலர் பிணைத்தொகை உறுதி கொடுக்க வேண்டும். மாதாமாதம் அரசுக்கு லெவி கட்ட வேண்டும். இரண்டையும் தொழிலாளி தலையில் கட்டுவது குற்றம். அங்குள்ள உரிமம் பெற்ற ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் தொழிலாளியிடம் வாங்கலாம். சட்டம் தெளிவாக இருக்கிறது; ஆனால் அது சிங்கப்பூர் எல்லையோடு நின்றுவிடுகிறது. இங்கே ஊரில் ஒரு சப்-ஏஜென்ட், நகரத்தில் ஓர் ஏஜென்ட், டெஸ்ட் சென்டரில் ஒருவர் என்று கைமாறும் பணத்துக்கு அந்தச் சட்டம் எட்டாது.

பணம்தான் இரண்டாவது முடிச்சு. இந்திய விதிப்படி, உரிமம் பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. ரசீது கொடுக்க வேண்டும். நடைமுறையில் வாங்கப்படுவது இதைப் போலப் பல மடங்கு என்பது வடசென்னையில் யாருக்கும் ரகசியம் இல்லை. அம்மாவின் நகையும் மனைவியின் நகையும் அடகுக்குப் போகின்றன. மீதிக்கு வட்டிக்காரர். போன முதல் ஆண்டின் சம்பளத்தில் பெரும்பகுதி அந்தக் கடனுக்கே போகிறது. இந்தக் கடன் சட்டத்தையே செயலிழக்க வைக்கிறது. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று சவூதிச் சட்டம் சொன்னாலும், மாறும் காலத்தில் இரண்டு மாதச் சம்பளம் தடைப்பட்டால் வட்டி ஏறும் என்று கணக்குப் போடுபவர் மாற மாட்டார். சொன்ன சம்பளத்தில் பாதிதான் என்று அங்கே போய்த் தெரிந்தாலும் கையெழுத்துப் போடுவார். கஃபீல் கட்டிய முடிச்சைச் சட்டம் அவிழ்க்கும்போது, ஊரில் கட்டிய முடிச்சு அவரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து அவிழ்க்காத எந்தச் சீர்திருத்தமும் பாதிச் சீர்திருத்தம்தான்.

முடியாத காரியமா இது? துறைமுகப் பக்கம் பார்த்தால் முடியும் என்று தெரிகிறது. கப்பல்காரருக்கு உலகம் முழுவதும் வேறு விதி இருக்கிறது. வேலை தேடிக் கொடுப்பதற்குக் கடலோடிகளிடம் காசு வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1920லேயே ஓர் உடன்படிக்கை செய்தது. அந்த மரபில் வந்த 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. அதன்படி பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகமான சி.டி.சி. ஆகியவற்றின் செலவு மட்டும் கப்பல்காரருடையது. விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. ஆளெடுக்கும் நிறுவனம் கப்பல்காரரிடம் வேலைக்காக ஒரு பைசா வாங்கக் கூடாது. இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் கப்பல்காரர் கைவிடப்பட்டவர் என்று கருதப்படுவார். 2017 ஜனவரி முதல், நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கிக்கும் ஊருக்குத் திரும்பும் செலவுக்கும் காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். விதி மீறி ‘சீட்’ வாங்கித் தருவதாகக் காசு பறிக்கும் போலி ஏஜென்ட்கள் இங்கும் இருக்கிறார்கள். ஆனால் அது குற்றம் என்பதில் குழப்பம் இல்லை. புகார் கொடுக்கக் கப்பல் துறை இயக்குநரகம் இருக்கிறது, ராஜாஜி சாலையில் வணிகக் கப்பல் துறையின் அலுவலகம் இருக்கிறது.

கப்பல்காரருக்குக் கிடைத்தது வெல்டருக்கு ஏன் கிடைக்கவில்லை? கடலோடிகளின் தொழிற்சங்கங்கள் நூறு ஆண்டுகளாக நாடு கடந்து ஒன்றாக நின்றது ஒரு காரணம். இதைவிட வலுவான காரணம், கப்பலைப் பிடித்து வைக்க முடியும் என்பது. விதி மீறிய கப்பல் எந்த நாட்டுத் துறைமுகத்துக்கு வந்தாலும் அங்குள்ள ஆய்வாளர் அதைத் தடுத்து நிறுத்தலாம். ஒரு நாள் நின்றால் முதலாளிக்குப் பெருநஷ்டம். ஜுபைலில் இருக்கும் ஒரு லேபர் கேம்ப்பை இந்தியாவின் எந்த அதிகாரியும் பிடித்து வைக்க முடியாது. ஆனால் அந்த கேம்ப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்த முடியும். ஆள் போகிற வாசல் இங்கே இருக்கிறது.

மீனவரின் நிலைதான் மிக மோசம். அவரும் கடலில்தான் வேலை பார்க்கிறார், ஆனால் மீன்பிடிப் படகுகளுக்கு அந்தக் கடல்சார் உடன்படிக்கை பொருந்தாது. மீன்பிடித் தொழிலுக்கென 2007இல் வந்த தனி உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. சம்பளத்துக்குப் பதிலாகப் பிடித்த மீனில் பங்கு என்ற ஏற்பாடு சகஜம். படகு நின்றால் பங்கும் இல்லை. 2020இல் கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கியவர்களில் தமிழக மீனவர்கள் ஏராளம். பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஐ.என்.எஸ். ஜலாஷ்வா ஜூலை 1ஆம் தேதி தூத்துக்குடிக்கு வந்தது. கடற்படைக் கப்பல் போய் மீட்கிற அளவுக்கு நிலைமை முற்றும்வரை அவர்களுக்கென்று ஒரு விதியும் இல்லை.

படித்துப் போகிறவர்களும் இந்த முடிச்சுக்கு வெளியே இல்லை. முடிச்சு சற்றுத் தளர்வாக இருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் எச்-1பி 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. மனு போடுவது கம்பெனி. ஆண்டுக்கு 65,000 பேர், அங்கே முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000 என்று குலுக்கல். 2000ஆம் ஆண்டில் வந்த திருத்தம், புதிய கம்பெனி மனு போட்ட உடனே அங்கே வேலையில் சேரலாம் என்றாக்கியது. சவூதித் தொழிலாளிக்கு 2021இல் கிடைத்தது இவர்களுக்கு இருபது ஆண்டு முன்பே கிடைத்துவிட்டது. இருந்தும் வேலை போனால் வழக்கமாக 60 நாள்தான் அவகாசம். 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்ததும், ஊருக்கு வந்திருந்தவர்கள் பதறிப்போய் விமானம் தேடினார்கள். பிரிட்டனில் கேர் ஹோம் வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் வாங்கி, போய் இறங்கினால் வேலையே இல்லை என்ற நிலை பலருக்கு நேர்ந்தது. ஸ்பான்சரின் லைசென்ஸ் ரத்தானால் தொழிலாளிக்கு மிஞ்சுவது அதே 60 நாள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர்களை எடுப்பதையே பிரிட்டன் நிறுத்திவிட்டது. ஜெர்மனி 2024 ஜூனில் வேறு பாதையைத் திறந்தது. தகுதியும் மொழியும் இருந்தால், முதலாளி இல்லாமலே போய் அங்கேயே வேலை தேடலாம். முதலாளி விசாவுக்கு மாற்று இருக்க முடியும் என்பதற்கு அது நடப்புச் சான்று. நர்ஸிங், டெக்னிக்கல் படித்த பிள்ளைகள் ஜெர்மன் மொழி படிப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இனி, நம் பக்கத்து வாசல். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம்தான் இன்றும் ஆள்கிறது. ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் கிளியரன்ஸ் வேண்டும். அப்போதுதான் ஒப்பந்தம் அரசின் ஈ-மைகிரேட் தளத்தில் பதிவாகும், சம்பளம் சரிபார்க்கப்படும், 10 லட்சம் ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுக்கப்படும். யாருக்கு ஈ.சி.ஆர்.? பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு. பத்தாவது தேறியவருக்கும், இரண்டாண்டு தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெற்றவருக்கும் அது தேவையில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பது இரண்டு ஆண்டு. அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர் சட்டத்தின் பாதுகாப்பு வட்டத்துக்கு வெளியே இருக்கிறார். படித்தவரை ஏமாற்ற முடியாது என்ற நினைப்பில் எழுதிய விதி இது. தமிழ்நாட்டில் பத்தாவது தேறாமல் வெளிநாடு போகும் இளைஞர் குறைந்துகொண்டே வருகிறார், ஏமாறுகிறவர் குறையவில்லை. 2022இல் ஐ.டி. வேலை என்று சொல்லித் தாய்லாந்து வழியாக மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழர்கள் படித்தவர்கள்தான். விசிட் விசாவில் போனவர்களுக்கு எந்த ஒப்பந்தமும் எங்கும் பதிவாகியிருக்கவில்லை.

அரசே சம்பளத்தைக் குறைத்த கதையும் உண்டு. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசு வகுத்திருந்த குறைந்தபட்சச் சம்பள அளவை 2020 செப்டம்பரில் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை இறக்கினார்கள். வேறு நாட்டுத் தொழிலாளர்கள் இடத்தைப் பிடித்துவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். எதிர்ப்பு கிளம்பி, தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கும் வந்த பிறகு 2021இல் திரும்பப் பெற்றார்கள்.

தமிழ்நாடு அரசுக்கென்று 1978இலேயே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. உரிமம் பெற்ற அரசு ஏஜென்ட் அது. மண்ணடியிலும் கல்மண்டபத்திலும் டிராவல்ஸ் கடைகளைத் தெரிந்த அளவுக்கு இந்த நிறுவனத்தை இளைஞர்களுக்குத் தெரியவில்லை. வடசென்னையின் ஐ.டி.ஐ.களில் கடைசி ஆண்டு மாணவர்களிடம் அதன் ஆட்கள் நேரில் வந்து பேச வேண்டும். ஓர் ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு நாள் பாடமாகவே நடத்த வேண்டும். விசாவில் உள்ள கம்பெனியும் ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனியும் ஒன்றுதானா, விசாவில் வெல்டர் என்று இருக்கிறதா அல்லது லேபர் என்று இருக்கிறதா, எத்தனை மாதத்துக்குப் பிறகு மாறலாம், திரும்பும் டிக்கெட் யார் செலவு என்பவை அந்தப் பாடத்தின் கேள்விகள். ‘ஃப்ரீ விசா’ என்று விற்கப்படுவது வேறொரு கஃபீலின் பெயரில் போய் வெளியில் வேலை பார்ப்பது என்றும், பிடிபட்டால் குற்றம் தொழிலாளி மேல்தான் விழும் என்றும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

முதலாளியோடு கட்டும் முடிச்சு விசாவோடு நிற்பதில்லை, தங்குமிடத்துக்கும் நீள்கிறது. 2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. இறந்தவர்களில் 45 பேரின் உடல்களை ஏற்றிக்கொண்டு விமானப்படை விமானம் கொச்சிக்கு வந்தது. அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் சென்னைக்காரர். தமிழ்நாடு அரசு குடும்பங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தது. ஒரே கட்டடத்தில் அத்தனை பேரை அடைத்து வைத்திருந்தது முதலாளி கொடுத்த தங்குமிடம். வேலையோடு சேர்ந்து வரும் விசாவைப் போலவே, வேலையோடு சேர்ந்து வரும் கட்டிலையும் தொழிலாளி வேண்டாம் என்று சொல்வது கடினம்.

1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021இல் ஒரு வரைவு வெளிவந்தது. 2025இல் இன்னொரு வரைவு வந்திருக்கிறது. அதில் வர வேண்டியவை என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். படிப்பை வைத்துப் பிரிக்காமல், வேலைக்குப் போகிற எல்லாருடைய ஒப்பந்தமும் பதிவாக வேண்டும், ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டரும் அதற்குள் வர வேண்டும். ஆளெடுக்கும் செலவு முழுவதையும் முதலாளி ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும்; கப்பல்காரருக்காக 2015இல் ஒப்புக்கொண்ட கொள்கைதான் அது. குவைத்தோடும் சவூதியோடும் போடும் தொழிலாளர் ஒப்பந்தங்களில், சம்பளம் இரண்டு மாதம் நின்றால் முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாறலாம், அதுவரை இகாமா காலாவதியாகாது என்ற விதியை எழுதி வாங்க வேண்டும். மீனவருக்கும் வீட்டு வேலையாட்களுக்கும் அதே விதி எந்த விலக்கும் இல்லாமல் பொருந்த வேண்டும்.